என்ட்ரன்ஸ் பதற்றம் எங்கிருந்து வருகிறது: கேரள எல்லைத் தமிழ் மாணவர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

2023இல் மே 7, 2024இல் மே 5, 2025இல் மே 4 என்று நீட் தேர்வு மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே நடந்து வந்திருக்கிறது. கேரளத்தின் பொறியியல் சேர்க்கைக்கான கீம் தேர்வு 2025இல் அதற்குச் சில நாள் முன்பு, ஏப்ரல் இறுதியில் நடந்தது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு பகுதி எஸ்டேட் லயங்களிலும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊர்களிலும் இந்தத் தேர்வுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழங்கும் பெயர் என்ட்ரன்ஸ் என்பதுதான். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த வாரங்களில் சாப்பாடு குறைகிறது, தூக்கம் கெடுகிறது, எதைக் கேட்டாலும் பதில் எரிச்சலாக வருகிறது. பெரியவர்கள் இதற்குச் சொல்லும் மருந்து பெரும்பாலும் ஒன்றே: பயப்படாதே. இந்த அறிவுரை பயன்படாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. பதற்றம் என்று நாம் ஒற்றைப் பெயரால் சொல்வதற்குள் தன்மையில் வேறுபட்ட இரண்டு நிகழ்வுகள் உள்ளன. அவற்றில் ஒன்றை அடக்கத் தேவையே இல்லை. மற்றொன்றை அடக்க முடியாது, ஆனால் அதன் சுமையைத் தேர்வுக்கு முன்பே பெருமளவு இறக்கி வைக்க முடியும்.

முதலாவது உடலில் நடப்பது. ஆபத்து என்று மூளை எதைக் கருதினாலும், அது காட்டு யானையாக இருந்தாலும் இயற்பியல் வினாவாக இருந்தாலும், சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. சற்றுப் பின்னால் கார்ட்டிசாலும் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, செரிமானம் மந்தப்படுவதால் வயிற்றைப் புரட்டுகிறது, அடிக்கடி கழிப்பறைக்குப் போகத் தோன்றுகிறது. இரண்டாவது எண்ணத்தில் நடப்பது. இந்தக் கேள்வி தெரியவில்லையே, பக்கத்துப் பெண் பக்கத்தைத் திருப்பிவிட்டாளே, இந்த வருடமும் போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது என்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும் பேச்சு அது. 1967இல் லீபெர்ட், மோரிஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் இந்த இரண்டையும் பிரித்து அளந்து பார்த்தார்கள். தேர்வுச் செயல்பாட்டைக் குறைப்பதோடு தெளிவாகத் தொடர்பு கொண்டிருந்தது இரண்டாவதாகிய கவலைதான். உடற்கிளர்ச்சிக்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு வலுவற்றதாக இருந்தது. அதன் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தத் திசையையே காட்டியிருக்கின்றன.

இதைவிடப் பழைய ஆய்வு ஒன்று ஊக்கப் பேச்சாளர்கள் வாயில் அடிக்கடி அடிபடுகிறது. 1908இல் யெர்க்ஸ், டாட்சன் ஆகிய இருவர் சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை வேறுபடுத்தக் கற்பித்தார்கள். வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி வலுக்க வலுக்க எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு நுட்பமாக இருந்தபோது நடுத்தர அதிர்ச்சியே சிறந்த பலன் தந்தது, அதற்கு மேல் போனால் கற்றல் கெட்டது. ஓரளவு பதற்றம் நல்லது என்னும் பொது வழக்குக்கு மூலம் இதுதான். எலிக்குக் கொடுத்த மின்சாரத்திலிருந்து பதினெட்டு வயதுப் பெண்ணின் தேர்வறை வரை நேர்க்கோடு போட்டுவிட முடியாது என்பதையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும். ஆனால் வேலை கடினமாக ஆக, மிகைக் கிளர்ச்சி அதிகம் கெடுக்கிறது என்ற குறிப்பு மனிதருக்கும் ஓரளவு பொருந்துகிறது. நன்றாகப் பழகி எளிதாக்கிக்கொண்ட பகுதியைப் பதற்றம் அவ்வளவாகத் தொடாது. அரைகுறையாகப் படித்த பகுதிதான் முதலில் சரியும்.

கவலை எப்படி மதிப்பெண்ணைத் தின்கிறது என்பதற்கு விடை செயல்நினைவில் இருக்கிறது. ஒரு கணக்கைச் செய்யும்போது வினாவின் எண்கள், பொருத்தமான சூத்திரம், இடைவிடைகள் ஆகியவற்றைச் சில நொடிகள் ஒருசேரப் பிடித்து வைத்துக்கொள்ளும் மனத்தின் பகுதி அது. அதன் கொள்ளளவு மிகச் சிறியது. கவலைப் பேச்சு ஓடுவதும் அதே இடத்தில்தான். ஆகவே படித்தது அழிந்துவிடுவதில்லை. படித்ததை எடுத்துப் பரப்பி வைக்க இடம் இல்லாமல் போகிறது. மண்டபத்தை விட்டு வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது விடை தானாக நினைவுக்கு வருவது இதனால்தான்.

எல்லைப் பகுதித் தமிழ் மாணவரின் தனி நிலைமை இங்கேதான் தொடங்குகிறது. அவருடைய செயல்நினைவில் ஏற்கெனவே ஒரு சுமை இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்கு மாறி, வகுப்பறையில் ஆசிரியர் மலையாளத்தில் விளக்குவதைக் கேட்டு, வீட்டில் தமிழில் யோசிப்பவர் அவர். மூன்று மொழிகளுக்கு இடையே நகர்வது திறமைதான், ஆனால் மூன்று மணி நேரத்தில் 180 வினாக்களுக்கு விடை தர வேண்டிய தேர்வில் அந்த நகர்வுக்கும் நொடிகள் செலவாகின்றன.

நீட் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது என்ற செய்தி இவர்களுக்கு முழு ஆறுதல் தருவதில்லை. இந்தி, ஆங்கிலம், உருது தவிர்த்த வட்டார மொழி வினாத்தாள்கள் அந்தந்த மொழிக்குரிய மாநில மையங்களிலேயே தரப்படுகின்றன. கேரள மையத்தில் மலையாளத் தாள் கிடைக்கும், தமிழ்த் தாள் கிடைக்காது. தமிழ்த் தாள் வேண்டும் என்றால் மூணாற்றுப் பிள்ளை தேனிக்கோ மதுரைக்கோ, கொழிஞ்சாம்பாறைப் பிள்ளை கோயம்புத்தூருக்கோ மையம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தாளில் தமிழோடு ஆங்கிலமும் அச்சிடப்பட்டிருக்கும்; இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதியானது. 2018இல் தமிழ்த் தாளின் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்கு நடந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்தது. இந்த வரலாறு தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் விண்ணப்பம் நிரப்பும் நாளே வாக்குவாதமாக முடியும்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ அறிவியலை ஆங்கிலத்தில் படித்தவர் தமிழ்த் தாளை நம்பிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே வரும் கலைச்சொற்கள் தமிழ்நாட்டுப் பாடநூல் மரபைச் சேர்ந்தவை. இவர் அந்த நூல்களைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். நெடிய உயிரியல் வினாக்களின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்தில் பிடிபடவில்லை என்றால் மட்டும் இருமொழித் தாள் உதவும். எதுவாக இருந்தாலும் முடிவை விண்ணப்பக் காலத்திலேயே எடுத்து, மாதிரித் தேர்வுகளை அந்த மொழியிலேயே எழுதிப் பழக வேண்டும். தீர்ந்துபோன முடிவு செயல்நினைவில் இடம் கேட்பதில்லை.

சான்றிதழ்கள் இதே வகையைச் சேர்ந்த மற்றொரு சுமை. கேரளத்தில் எம்.பி.பி.எஸ். சேர விரும்புபவர் நீட் எழுதினால் மட்டும் போதாது. மாநில நுழைவுத் தேர்வு ஆணையரிடம் கீம் விண்ணப்பத்தையும் உரிய காலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இதை அறியாமல் விட்டவர்கள் உண்டு. வருமானச் சான்று, பிறப்பிடச் சான்று, சாதிச் சான்று எல்லாம் அதோடு வரும். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் சாதிச் சான்றுதான் பெரும் கவலை. பட்டியல் சாதிப் பட்டியல் மாநில வாரியாக 1950இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையைச் சார்ந்தது என்பதால், அதற்கு முன்பே தங்கள் முன்னோர் கேரளப் பகுதியில் குடியேறியிருந்ததைக் காட்டும் ஆவணம் கேட்கப்படுகிறது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்காகத் தாத்தாவின் பெயரைப் பழைய எஸ்டேட் பதிவேட்டிலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் தேடி அலைவது வழக்கமாகிவிட்டது. இந்த அலைச்சல் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வந்து விழுந்தால் படிப்பு நேரத்தைவிடப் படிக்கும் மனநிலையை அதிகம் பறிக்கிறது. பிளஸ் ஒன் முடிந்த விடுமுறையிலேயே இதைத் தொடங்கிவிடுவது எந்த மூச்சுப் பயிற்சியையும்விடச் சிறந்த பதற்ற நிவாரணி என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை அது மிகையில்லை.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது வீடு. தோட்டத்தில் லயம் வேலையோடு சேர்ந்தது. அம்மாவோ அப்பாவோ ஓய்வு பெற்ற பின் குடும்பத்தில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லை என்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டிய நிலை வரும். ஆகவே வெறும் தேர்வுதானே, போனால் போகட்டும் என்று நகரத்து ஆலோசகர் சொல்வது இந்தப் பிள்ளையின் காதில் பொய்யாகவே விழும். பதற்றத்தை மிகைக் கற்பனை என்று சொல்லித் தள்ளுவது இங்கே நேர்மையான ஆலோசனை ஆகாது. பயத்தில் எந்தப் பகுதி உண்மையானது, எந்தப் பகுதி கற்பனை என்று பிரித்துக் காட்டுவதே நேர்மை. வருமானமும் கூரையும் நிச்சயமில்லை என்பது உண்மை. நீட் போனால் எல்லா வழியும் அடைந்துவிடும் என்பது உண்மையில்லை. 2024இல் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வில் நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் வேறு படிப்புகளுக்குத்தான் போனார்கள். கேரளத்தில் செவிலியர், துணை மருத்துவப் பட்டப் படிப்புகள் பல பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. இந்த மாற்று வழிகளைத் தேர்வு முடிந்த பிறகு ஆறுதலுக்காகச் சொல்வதைவிட, முன்பே ஒரு தாளில் எழுதி, கட்டணமும் கடைசித் தேதியும் குறித்து, குடும்பமாக உட்கார்ந்து பேசி வைப்பது நல்லது. மாற்று ஏற்பாடு பற்றிப் பேசினால் பிள்ளையின் முனைப்பு குறைந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். கீழே ஒரு தரை இருக்கிறது என்று தெரிந்தவர் அஞ்சி உறைந்துபோவது குறைவு என்பதே என் கணிப்பு.

எல்லையில் வாழ்வதன் இன்னொரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வீடுகளில் தமிழ்த் தொலைக்காட்சி ஓடுகிறது. தெருவில் மலையாள விளம்பரம் நிற்கிறது. தமிழ்நாட்டில் நீட் பெரிய அரசியல் பிரச்சினை. தேர்வுக் காலத்தில் அங்கிருந்து வரும் செய்திகளில் மாணவர் தற்கொலைகளும் இருக்கும். கேரளத்துச் சாலைச் சந்திப்புகளிலோ பயிற்சி நிலையங்களின் பிளெக்ஸ் பலகைகளில் ரேங்க் வாங்கியவர்களின் சிரித்த முகங்கள் வரிசையாக நிற்கும். பாலாவிலும் திருச்சூரிலும் ரிப்பீட்டர் பேட்சில் (மீண்டும் தேர்வெழுதுவோருக்கான வகுப்பில்) ஒரு வருடம் தங்கிப் படித்தவர்களின் முகங்கள் அவை. ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் சாதனை என்று இரண்டே முடிவுகள் உள்ள உலகம் போல அது தோற்றம் தருகிறது. இடையில் சுமாரான மதிப்பெண் வாங்கி, ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்து, இன்று ஆய்வகத்திலோ வங்கியிலோ வேலை பார்க்கும் பல்லாயிரம் பேர் எந்தப் பலகையிலும் இல்லை, எந்தச் செய்தியிலும் இல்லை. கடைசி மாதத்திலாவது செய்தி அலைவரிசையை அணைத்து வைப்பது வீட்டார் செய்யக்கூடிய எளிய உதவி.

தயாரிப்புக் காலத்துப் பதற்றத்தின் இயக்கத்தை அறிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். இயற்பியல் நூலைத் திறந்தால் நெஞ்சு படபடக்கிறது. மூடிவிட்டு, நன்றாகத் தெரிந்த உயிரியலை எடுத்தால் படபடப்பு உடனே தணிகிறது. அந்தத் தணிவு ஒரு பரிசாக வேலை செய்து, மறுநாளும் இயற்பியலைத் தவிர்க்கக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டு மாதம் இப்படிப் போனால், பயம் முதலில் கற்பனையாக இருந்திருந்தாலும் இப்போது உண்மையாகிவிடும். தவிர்ப்பை முறிக்க வழி ஒன்றுதான்: படபடப்பு இருக்கும்போதே, அது தணியும் வரை, சிறு அளவில் அந்தப் பாடத்தோடு உட்கார்ந்திருப்பது. இருபது நிமிடம், ஐந்து கணக்கு என்று தொடங்கினால் போதும். எத்தனை சரி என்பதை அன்று பார்க்கத் தேவையில்லை. நாளடைவில் உடல் பழகிக்கொள்கிறது.

படிக்கும் முறையும் பதற்றத்தோடு சம்பந்தப்பட்டது. திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்தது போன்ற மயக்கம் உண்டாகும்; நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால்தான் எது தங்கியது, எது தங்கவில்லை என்று தெரியும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் செய்த சோதனையில், மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பதற்றக்காரர்கள் இந்த முறையை விரும்புவதில்லை, காரணம் அது தெரியாததை முகத்துக்கு நேரே காட்டுகிறது. அந்தச் சிறு கசப்பை வீட்டிலேயே பலமுறை விழுங்கியவருக்கு மண்டபத்தில் தெரியாத வினா வந்தால் அது புதிய அதிர்ச்சி ஆவதில்லை. மாதிரித் தேர்வையும் நீட் நடக்கும் பிற்பகல் 2 முதல் 5 மணி வரை, நாற்காலியில், கைப்பேசி இல்லாமல், ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பியே எழுத வேண்டும். லயத்தின் இரண்டு அறைகளில் அதற்கு இடம் இருக்காது என்பதால் பள்ளி வகுப்பறையையோ ஊர் வாசகசாலையையோ ஞாயிறுகளில் கேட்டு வாங்கலாம். சத்தமும் பிறர் நடமாட்டமும் இருப்பது இங்கே குறையல்ல, பயிற்சியின் பகுதி.

கடைசி இரண்டு நாள் பற்றி நடைமுறைக் குறிப்புகள் சில. மலையிலிருந்து தேர்வன்று காலையில் இறங்குவது நல்ல யோசனை இல்லை. போடிமெட்டு வளைவுகளிலோ குமுளி இறக்கத்திலோ பேருந்தில் வயிறு புரட்டினால், ஏற்கெனவே பதற்றத்தால் புரட்டும் வயிற்றோடு சேர்ந்து, எது பயணத்தால், எது பயத்தால் என்று பிரிக்க முடியாமல் போகும். போடி, தேனி, கம்பம் பக்கம் உறவினர் வீடு பலருக்கும் உண்டு. சனிக்கிழமையே போய்த் தங்கி, மாலையில் மையத்தின் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது. நீட் மையத்தின் வாயில் 1.30க்கு மூடப்படும். அரைக்கை மேலாடை, செருப்பு, உலோகம் இல்லாத உடை என்ற விதிகளை ஹால் டிக்கெட்டோடு வரும் குறிப்பில் வாசித்து, முந்தைய நாளே உடையை எடுத்து வைக்க வேண்டும். 2022இல் கொல்லம் மாவட்டத்து மையம் ஒன்றில் உலோகக் கொக்கிக்காக உள்ளாடையைக் கழற்றச் சொன்னதாக மாணவியர் புகார் அளித்து, பின்னர் அவர்களுக்கு மறுதேர்வு வாய்ப்புத் தரப்பட்டது. சோதனை அத்துமீறினால் குற்றம் சோதிப்பவர் மீதுதான். ஆனால் அந்த நேரத்தில் மனம் குலைவது மாணவிக்கு என்பதால் உலோகமில்லாத உடையைத் தேர்ந்துகொள்வது தற்காப்பு.

அந்த இரவு தூக்கம் வராமல் போகலாம். வராவிட்டால் அதுவே தனிப் பயமாக மாறும். ஒரே ஓர் இரவு அரைத்தூக்கம் மூன்று மணி நேரத் தேர்வைக் கவிழ்த்துவிடுவதில்லை; தேர்வு நேரத்து அட்ரினலினே விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும். பல வாரமாகத் தொடரும் தூக்கக் குறைவுதான் நினைவைப் பாதிக்கிறது, ஏனெனில் பகலில் படித்தது மூளையில் நிலைபெறுவது பெரும்பகுதி உறக்கத்தில்தான். ஆகவே ஏப்ரல் முழுதும் ஒழுங்காக உறங்கியவர் மே மாதத்தின் ஓர் இரவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தேர்வன்று காலையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2011இல் ரமிரெஸ், பெய்லாக் ஆகியோர் நடத்திய ஆய்வில், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களை ஒளிவுமறைவின்றி எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகம் பதறுபவர்கள், எழுதாதவர்களைவிட மேலாகச் செய்தார்கள். கவலையைத் தாளில் இறக்கினால் செயல்நினைவில் அது பிடித்திருந்த இடம் விடுபடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நீட் மண்டபத்துக்குள் சொந்தப் பேனாவும் தாளும் அனுமதி இல்லை என்பதால் இதை உறவினர் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். எழுதியதை யாரும் வாசிக்கத் தேவையில்லை, கிழித்துப் போடலாம். தமிழில் எழுதலாம், தமிழும் மலையாளமும் கலந்தும் எழுதலாம்.

உடற்கிளர்ச்சியைப் பொறுத்தவரை அதை எதிர்த்துப் போராடாமல் விடுவதே மேல். 2010இல் ஜேமிசன் குழுவினர், நெஞ்சு படபடப்பது தேர்வைக் கெடுக்காது, உதவவும் கூடும் என்று ஒரு பகுதி மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். அவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட அதிகம் பெற்றார்கள். படபடப்பு தோல்வியின் அறிகுறி என்று நம்புபவர் அதைக் கண்டே மேலும் பதறுவார். உடல் வேலைக்குத் தயாராகிறது என்று கொள்பவர் வினாவுக்குத் திரும்பிவிடுவார்.

சிலருக்கு மண்டபத்திலேயே அது எல்லை மீறும். உதடு மரத்துப்போவது, விரல் நுனி குறுகுறுப்பது, தலை சுற்றுவது எல்லாம் பெரும்பாலும் மிகைச் சுவாசத்தின் விளைவு: வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. ஆழமாக மூச்சை இழு என்று மேற்பார்வையாளர் சொல்வது இந்த நேரத்தில் தலைகீழான உதவி. இழுப்பதைவிட விடுவதை நீட்ட வேண்டும்: நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விட்டால், ஓரிரு நிமிடங்களில் குறுகுறுப்பு அடங்கும். அந்த ஓரிரு நிமிடம் வீணாவதாகத் தோன்றும். 180 நிமிடத்தில் அது ஓரிரு வினாவின் விலை, அவ்வளவே. மயங்கி விழுந்துவிடுவோம் என்ற அச்சம் வரலாம், ஆனால் இத்தகைய பதற்றத்தில் இரத்த அழுத்தம் பொதுவாக ஏறுவதால் மயக்கம் அரிது.

திடீரென எல்லாம் மறந்துபோனது போல் வெறுமையாக நின்றால், அந்த வினாவோடு மல்லுக்கு நிற்காமல் அடுத்ததற்குப் போக வேண்டும். முட்டித் தள்ளினால் திறக்காத கதவு அது. வேறொரு வினாவில் வரும் ஒரு சொல்லோ படமோ அதை உள்ளிருந்து திறந்துவிடும். நீட்டில் 90 வினாக்கள் உயிரியலில் வருவதால், அங்கே தொடங்கிக் கை ஓடிய பின் வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் போகும் வழக்கம் இங்கே பலருக்கும் உண்டு. அதில் தவறில்லை, மாதிரித் தேர்விலும் அதே வரிசையைக் கடைப்பிடித்திருந்தால்.

எதிர்மறை மதிப்பெண் பற்றிய பயத்துக்குக் கணக்கே மருந்து. சரிக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1, நான்கு தெரிவுகள் என்ற நீட் முறையில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக வினாவுக்குக் கால் மதிப்பெண் லாபம். இரண்டு தெரிவுகளை உறுதியாக ஒதுக்க முடிந்தால் அது ஒன்றரை. அதே மதிப்பெண் முறை உள்ள கீமில் தெரிவுகள் ஐந்து என்பதால் குருட்டு ஊகத்தின் சராசரி பூச்சியம். ஆகவே ஒரு தெரிவையாவது ஒதுக்க முடிந்தால் குறி, எதுவும் தெரியாவிட்டால் விடு என்று ஒரே விதியை முன்பே வகுத்துக்கொண்டு போனால், மண்டபத்தில் ஒவ்வொரு வினாவிலும் அந்தத் தடுமாற்றத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

மருத்துவ உதவி தேவைப்படும் நிலையைக் குடும்பத்தார் அடையாளம் காண வேண்டும். இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லாமை, காரணமின்றி மீண்டும் மீண்டும் வரும் பீதி, யாரோடும் பேசாமை, செத்துப்போகலாம் என்ற பேச்சு ஆகியவற்றைப் பரீட்சைக் காய்ச்சல் என்று தள்ளிவிடக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேச முடியும். கேரள அரசின் திஷா உதவி எண் 1056. மேல்நிலைப் பள்ளிகளில் சௌகிருதக் கிளப் என்ற ஆலோசனை அமைப்பு உண்டு; அதற்குப் பொறுப்பான ஆசிரியரிடம் தொடங்கலாம். தெரிந்தவர் கொடுத்தார் என்று படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரையைத் தேர்வன்று முதன்முறையாக விழுங்குவது ஆபத்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மிகவும் ஆபத்து.

தேர்வு முடிந்த பின்னும் பதற்றம் முடிவதில்லை, காரணம் தேர்வு முறையே நிலையாக இருப்பதில்லை. 2024 நீட்டில் 1,563 பேருக்குத் தந்த கருணை மதிப்பெண் ரத்தாகி, ஜூன் 23இல் மறுதேர்வு நடந்தது. 2025இல் கீம் ரேங்க் பட்டியல் ஜூலை 1இல் வெளியாகி, உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பத்து நாளுக்குள் திருத்திய பட்டியல் வந்தது; முன்னிலையில் இருந்த பலர் பின்னே போனார்கள். இவற்றை எந்த மாணவரும் தன் முயற்சியால் தடுக்க முடியாது. மே மாத ஞாயிறு மாலையே வலைத்தளங்களில் வரும் விடைக்குறிப்புகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் கூட்டுவதால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. தேசியத் தேர்வு முகமையின் தற்காலிக விடைக்குறிப்பு வரும் வரை அந்தக் கூட்டல் சரியாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ரிப்பீட்டர் பேட்சில் சேர்வதா என்ற முடிவைப் பலர் அந்த மாலையிலேயே, அழுகைக்கு நடுவே எடுக்கிறார்கள். பயிற்சி நிலையங்களின் தள்ளுபடி அறிவிப்புகளும் அந்த வாரத்தைக் குறிவைத்தே வருகின்றன. தேர்வு முடிவும் முதல் அலாட்மென்ட்டும் வந்து, மாற்று வழிகளை எழுதி வைத்த தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரை, முன்பணம் எதையும் கட்டாமல் இருக்கலாம்.